கீழ யாரு நிக்கிறது?

எங்க நைனாவுக்கு மரத்தைப் பற்றி எல்லாம் தெரியும். தச்சு வேலை மட்டும் தெரியாது. இது எப்படி என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஊர். ஊர் வேற, காலனி வேற. ஊரில் ஒரு வேம்போ பூவரசோ சாய்ந்தால் வெட்டுவதற்கு ஆள் வருவது காலனிக்குத்தான். வேர் தோண்டுவது, கிளை கழிப்பது, கயிறு கட்டி இழுப்பது, வண்டியில் ஏற்றுவது எல்லாம் எங்க ஆளுங்க. ஊரில் சாவு விழுந்தால் விறகு பிளந்து அடுக்குவதும் நாங்கதான். ஆனால் அறுத்த பலகையில் நூல் அடித்து, மூலைமட்டம் வைத்து, உளி பிடித்து, இழைப்புளி தள்ளுகிற இடம் வந்ததும் நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஆசாரி வேலை. மரத்தை மரமாகத் தொடலாம், கதவாகத் தொடக்கூடாது.

நைனா ஆசாரியிடம் ரம்பம் இழுத்தார். மில்லுக்குக் கொண்டுபோக முடியாத பெரிய மரங்களைக் குழி வெட்டி, குறுக்கே வாரை போட்டு, அதன்மேல் மரத்தை ஏற்றி, ரெண்டு ஆள் நின்று அறுப்பார்கள். ஒருத்தன் மரத்துமேல், ஒருத்தன் குழிக்குள். மேலாளு கோட்டைப் பார்த்து ரம்பத்தைத் தூக்குவான். கீழாளு அண்ணாந்து பார்த்து இழுப்பான். பல் கடிப்பது கீழ் நோக்கி இழுக்கும்போதுதான். அதனால் தூள் முழுக்கக் கீழே நிற்பவன் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் விழும். பதினெட்டு வருஷம் நைனா கீழாளு. ஒரு நாள்கூட மேலே ஏறியதில்லை.

நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது லீவு நாளில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். குழிக்குப் பக்கத்தில் போய் நின்று "நைனா"ன்னு கூப்பிட்டால் உள்ளேயிருந்து மஞ்சளாக ஒரு முகம் நிமிரும். புருவம், மீசை, காது மயிர் எல்லாம் தூள். கண் மட்டும் சிவப்பாகத் தெரியும். "ஏன் நைனா நீ மேல நிக்கறதில்ல?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "நான் மேல நின்னா என் காலு கீழ நிக்கிறவன் தலைக்கு மேல வருமே, எவன் நிப்பான்?"ன்னு சிரித்தார். அப்போது அது எனக்கு ஒரு வேடிக்கையான பதிலாகத்தான் பட்டது. எம்.ஏ. முடித்து, கூட்டங்களில் பேசப் போய், சாதி வேலையைப் பங்கு போடவில்லை, ஆளைப் பங்கு போட்டு அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936-லேயே எடுத்து வைத்த வாதத்தைப் படித்தபோதுதான் அந்தக் குழி எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது. நைனா அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சோத்துக்குக் கை கழுவப் போனவர்.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. இடது கண் மங்கல். தீராத இருமல். மரத்தூள் மூக்குப் பாதையில் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் அறிவித்தது. அந்த வருஷம் நைனா குழிக்குள்தான் நின்றிருந்தார். நல்லவேளை, புற்று ஒன்றும் வரவில்லை. இருமலோடு விட்டது.

என் தம்பி பன்னிரண்டாவது முடித்துவிட்டு சென்னைக்குப் போனான். அம்பத்தூரில் சமையலறை அலமாரிகள் செய்கிற ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். முதலாளி ராஜஸ்தான்காரர், வேலைக்காரர்கள் பீகார், உத்தரப்பிரதேசம். அவர்களுக்குள் யார் என்ன ஆள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இவனைப் பொறுத்தவரை 'மதராசி' என்பதோடு அவர்களுடைய கணக்கு முடிந்துபோனது. அந்த இடைவெளியில் தம்பி தொழில் கற்றுக்கொண்டான். நைனாவுக்குப் பதினெட்டு வருஷத்தில் தொட விடாததை இவன் நாலு வருஷத்தில் கற்றான். 2020-ல் ஊரடங்கு போட்டபோது நடந்தும் லாரி பிடித்தும் ஊர் வந்தான். மறுபடி போனான். 2023-ல் பொண்டாட்டி பிள்ளையோடு ஒரேயடியாகத் திரும்பி வந்து, "வீட்டாண்டயே பட்டறை போடப் போறேங்கா"ன்னான். வீட்டை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை சென்ட் காலி மனை. தகரக் கொட்டகை போட்டோம்.

ஒன்றரை வருஷம் கைமிஷினை வைத்தே ஓட்டினான். பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு, குனிந்து, கோட்டோடு மிஷினைத் தள்ளி அறுப்பது. மேலே ஒட்டிய லாமினேட் ஓரமெல்லாம் சில்லு சில்லாகப் பெயரும். மூலை ஒரு நூல் தவறினால் அலமாரிக் கதவு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "ஸ்லைடிங் மிஷின் ஒண்ணு இருந்தா நான் எவனுக்கும் சளைச்சவன் இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அது என்ன மிஷின் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண ரம்ப மேசையில் மேசை நிற்கும், மரத்தை நாம் தள்ள வேண்டும். இதில் ரம்பத்துக்கு இடப்பக்கம் ஒரு நீள மேசை தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஓடும். பலகையை அதன்மேல் கிடத்தி, சட்டத்தில் அணைத்து, மேசையோடு சேர்த்துத் தள்ளினால் பலகை அசையாமல் நேராகப் போய் அறுபடும். எட்டுக்கு நாலு அடிப் பலகையை ஒரே ஆள் அறுக்கலாம். பெரிய ரம்பத்துக்கு முன்னால் ஒரு குட்டி ரம்பம் இருக்கிறது. அது எதிர்த்திசையில் சுற்றி, பலகையின் அடிப்பக்கத்தில் ரெண்டு மில்லிமீட்டர் ஆழம் மட்டும் கீறிக்கொடுக்கும். பின்னால் வருகிற பெரிய ரம்பம் அந்தக் கீறலுக்குள் போவதால் லாமினேட் பெயராது. இந்த மாதிரி மேசையை 1906-ல் பெர்லினில் வில்ஹெல்ம் அல்டெண்டார்ஃப் என்ற தச்சர் முதலில் செய்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் காலனிக்கு வந்து சேரவில்லை.

காசுக்கு எங்கே போவது? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழில் தொடங்க தமிழ்நாடு அரசு 2023-ல் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. 35 சதவீதம் மானியம், வட்டியில் 6 சதவீதம் தள்ளுபடி. நல்ல திட்டம். விண்ணப்பத்தை நானே எழுதினேன். ஆனால் கடன் கொடுக்க வேண்டியது வங்கி. நாங்கள் போன வங்கியில் புது மிஷினுக்குக் கொட்டேஷன் கேட்டார்கள், கொடுத்தோம். அப்புறம் ஜாமீன் கேட்டார்கள், அப்புறம் மேனேஜர் மாறினார். அஞ்சு மாதம் போனது. இலவச மனைப் பட்டாவைக் காட்டினால் தம்பியையும் பட்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இதே காலத்தில்தான் ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைப் பற்றி நான் மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்தேன். பரம்பரையாகச் செய்துவருகிற 18 கைத்தொழில்களுக்கு அதில் கடன். அப்பன் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்ற 1953-ஆம் வருஷத்துக் குலக்கல்வித் திட்டத்தின் வாடை அதில் அடித்தது. தமிழ்நாடு அரசும் அதை அப்படியே ஏற்க மாட்டோம் என்று 2024-ல் சொல்லிவிட்டு, குடும்பத்தொழில் நிபந்தனை இல்லாமல் வேறு திட்டம் போட்டது. நான் கூட்டத்தில் கேட்பேன்: "எங்கப்பன் குழிக்குள்ள நின்னவன். அவன் பரம்பரைத் தொழில்னு எத எழுதுவீங்க? தூள் தின்றதுன்னா?" கைதட்டல் விழும். வீட்டுக்கு வந்தால் தம்பி தரையில் குனிந்து பலகை அறுத்துக்கொண்டிருப்பான். கைதட்டலை வைத்து ஒரு பேரிங்கூட வாங்க முடியாது.

கடைசியில் அம்மாவின் சீட்டுப் பணம், தம்பி பொண்டாட்டியின் நகை அடகு, மகளிர் குழுக் கடன், தனியார் கல்லூரியில் தமிழ் நடத்தி நான் சேர்த்தது எல்லாம் கூட்டி ஒன்றேமுக்கால் லட்சம் தேறியது. புதுசுக்கு வழியில்லை. பழைய மிஷின் தேடினோம்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் இருப்பதாகத் தெரிந்து நானும் தம்பியும் போனோம். பெரியவர், ஆசாரி. வேலை சுத்தமானவர் என்பது பட்டறையைப் பார்த்ததுமே தெரிந்தது. உளிகள் வரிசையாக மாட்டியிருந்தன, தரையில் ஒரு சுருள் இல்லை. மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். அவருக்கு முட்டி வலி. மிஷினை விற்றுவிட்டு உட்காரப் போவதாகச் சொன்னார். தம்பி ஓட்டிப் பார்த்தான். அவன் அறுக்கிற விதத்தைப் பார்த்து அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி எதில் எண்ணெய் விட வேண்டும், எதில் விடக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். 1,45,000 ரூபாய்க்குப் பேசி முடித்து 5,000 முன்பணம் கொடுத்தோம். காபி வந்தது. குடித்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி எந்த ஊரு ஆசாரி?"

தம்பி காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நொடிதான். நான் சொன்னேன்: "ஆசாரி இல்லீங்க. நாங்க காலனி."

அவர் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. "அப்படியா, அதனால என்ன, தொழில் தெரிஞ்சா சரி" என்றார். ரசீதில் விலாசம் எழுதும்போது பேனா கொஞ்சம் மெதுவாகப் போனது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வண்டி கொண்டுவரச் சொன்னார். வியாழக்கிழமை ராத்திரி போன் வந்தது. "மச்சான் ஒருத்தன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தான், அவனுக்கே குடுக்க வேண்டியதாப் போச்சும்மா." முன்பணம் அஞ்சு நிமிஷத்தில் தம்பி கணக்குக்குத் திரும்பி வந்தது. மூன்று வாரம் கழித்து என் தோழி ஒருத்தியை விட்டுக் கேட்கச் சொன்னேன். மிஷின் அங்கேயே இருந்தது. அவளுக்குத் தருவதாகச் சொன்னார்.

அவர் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் அன்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது பொய்யில்லை, அந்தப் பிரியமும் பொய்யில்லை. தன் கைப்பழக்கத்தைத் தன்னோடு முடியவிடாமல் வாங்கிக்கொள்ள ஒரு பிள்ளை வந்துவிட்டான் என்று ஒரு மணி நேரம் நினைத்திருப்பார். அந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று தெரிந்ததும் கை மடங்கிவிட்டது. சாதி அவரை மீறி அவர் கையில் இருந்தது.

போன் வந்த ராத்திரி தம்பி என்மேல் பாய்ந்தான். "நீ ஏங்கா வாயத் தொறந்த? மூணு நிமிஷம் சும்மா இருந்திருந்தா மிஷினு நம்மளுது."

"அப்ப ஆசாரின்னு சொல்லியிருப்பியா?"

"நான் சொல்லல. அவங்களா சொல்றாங்க. நான் இல்லன்னு சொல்றதில்ல. அவ்ளோதான்."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. திண்டிவனத்தில், விழுப்புரத்தில் அவன் வேலை செய்கிற வீடுகளில் எல்லாம் அவன் 'ஆசாரி'. 'ஆசாரி வந்தாச்சா', 'ஆசாரிக்கு மோர் குடு'. ஆசாரி என்பது தொழில் பேரா, சாதிப் பேரா? கூலி பேசும்போது தொழில் பேர். மோர் கொடுக்கும்போது சாதிப் பேர். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் என் தம்பி ஒன்றரை வருஷமாகப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை அந்தச் சந்து அடைபட்டதையும் அப்போதுதான் சொன்னான். திண்டிவனத்தில் ஒரு புது வீடு. சமையலறை முழுக்க இவன் செய்தான். வீட்டம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. பூஜை அறைக்கும் அலமாரியும் கதவும் செய்யச் சொன்னார்கள். மரம்கூட எடுத்தாயிற்று. அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் இவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பூஜை ரூம மட்டும் வேற ஆளு பாத்துக்கட்டும். தப்பா எடுத்துக்காத" என்றார். சமையலறைக்குப் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டார். அரிசி வைக்கிற அலமாரி என் தம்பி செய்தது. பருப்பு, உப்பு, ஊறுகாய், எல்லாம் அவன் கை பட்ட பலகையில்தான் இருக்கிறது. அதைத் தின்கிற வாய்க்குத் தீட்டில்லை, சாமிக்கு மட்டும் தீட்டு.

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கட்டுரை எழுதுவ. எனக்கு அடுத்த வீடு கெடைக்காது."

எனக்கு அதற்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. இந்தக் கட்டுரையை அவனிடம் படித்துக் காட்டி, அவன் சரி என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன். ரெண்டு இடத்தை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

நான் மறைத்துப் பிழைப்பவளில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் என் சம்பளம் என் சாதியை மறைத்தா வருகிறது? வகுப்பில் நான் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மாதம் முதல் தேதி பணம் வரும். அவனுக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் புதிதாகக் கூலி பேச வேண்டும். உண்மை பேசுவதற்கு ஆகிற செலவு எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றில்லை. புதுச்சேரியில் நான் பேசிய உண்மைக்கு அவன்தான் காசு கொடுத்தான். அதற்காக நான் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ரெண்டும் சேர்ந்தேதான் நெஞ்சில் கிடக்கிறது.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு மிஷின் கிடைத்தது. மேசை நாற்காலி செய்கிற ஒரு கம்பெனியை மூடிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை நான் விலாசத்தை முதலிலேயே போனில் சொல்லிவிட்டேன். அந்த ஆள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பணமா, அக்கவுண்டா?" அவர் சாதியைக் கடந்தவர் என்பதால் அல்ல, இடத்துக்கு வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

பழைய மிஷின் வாங்கப் போகிற நம் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் தம்பி பார்த்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன். கரண்டை நிறுத்தி, வார்பட்டையைக் கழற்றி, ரம்பத்தின் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினான். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். கரகரப்பு இருக்கக்கூடாது. ஓடுமேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தள்ளி, நடுவில் எங்காவது தட்டுகிறதா, பக்கவாட்டில் அசைகிறதா என்று பார்த்தான். நடுவில்தான் தேய்ந்திருக்கும், ஏனென்றால் எல்லாரும் சின்னப் பலகையை நடுவில் வைத்துத்தான் அறுப்பார்கள். எட்டடிப் பலகை முழுசாக ஓடுகிறதா என்று பார்க்க, மேசை மூன்று மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இது 3,200 மில்லிமீட்டர்.

மூலை சரியாக வருகிறதா என்பதற்கு அஞ்சு வெட்டுச் சோதனை. ஒரு பலகையை எடுத்து ஒரு பக்கம் அறுத்து, அறுத்த பக்கத்தையே சட்டத்தில் அணைத்து அடுத்த பக்கம், இப்படி நாலு பக்கமும் சுற்றி வந்து, அஞ்சாவதாக முதல் பக்கத்தில் ஒரு பட்டையை அறுத்து எடுக்க வேண்டும். அந்தப் பட்டையின் ரெண்டு முனையையும் அளந்தால், தவறு நாலு மடங்காகப் பெருகித் தெரியும். ஒரு வெட்டில் மறைகிற கோணல் அஞ்சாவது வெட்டில் மறைக்க முடியாது. அளந்தவள் நான். முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம். சட்டத்தின் திருகைத் தளர்த்தித் திருத்தி மறுபடி அறுத்தான். முடி அளவுகூட இல்லை. மிஷினில் கோளாறில்லை, சட்டம்தான் நகர்ந்திருந்தது.

ரம்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடு மட்டும் காணவில்லை. அறுபட்ட மரம் மறுபடி ஒட்டி ரம்பத்தைக் கவ்வாமல் அந்தத் தகடுதான் பிரித்து வைக்கும். கவ்வினால் பலகையை ஆள்மேல் எறியும், கை உள்ளே போகும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பல இடங்களில் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அம்பத்தூரில் தம்பியோடு வேலை செய்த பீகார் பையனுக்கு ரெண்டு விரல் போனது அப்படித்தான். "அது இல்லாம நான் எடுக்க மாட்டேன்"ன்னு தம்பி பிடிவாதமாக நின்றான். அரை மணி நேரம் தேடி, பழைய இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். 1,52,000 ரூபாய்க்கு முடிந்தது.

முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து, ராத்திரி பத்து மணிக்கு ஊருக்குள் நுழைந்தது. காலனிக்குப் போகிற வண்டி எதுவானாலும் ஊர்த்தெரு வழியாகத்தான் வர வேண்டும். திண்ணையில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். "என்னடா மிஷினு?" என்று ஒருவர் கேட்டார். லாரிமேல் நின்றிருந்த எங்கள் பையன், "மரம் அறுக்கிறது மாமா"ன்னான். "எந்த ஆசாரிக்கு?" என்று இருட்டிலிருந்து இன்னொரு குரல் வந்தது. லாரி நிற்காமல் வந்துவிட்டது.

முக்கால் டன் எடை. கிரேனுக்குக் காசில்லை. காலனிப் பிள்ளைகள் பதினைந்து பேர், பலகையைச் சாய்வாகப் போட்டு, கயிறு கட்டி, இரும்புக் குழாய்களை உருளையாக வைத்து இறக்கினார்கள். ஒரு சாமான்கூட அடிபடவில்லை. மரத்தை இறக்குவதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூணு பேஸ் இணைப்பு வரும் வரைக்கும் மிஷின் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. வந்த அன்று தம்பி நைனாவைக் கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். நைனா எழுந்து வந்து மிஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ரம்பத்தைத் தொட்டுப் பல்லை எண்ணுகிற மாதிரி விரலால் தடவினார். அப்புறம் சிரமப்பட்டுக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"கீழ யாரு நிக்கிறது?" என்றார்.

"கீழ யாரும் நிக்க வேணாம் நைனா."

"அப்ப தூளு?"

தம்பி தூள் உறிஞ்சுகிற குழாயைக் காட்டினான். மோட்டார் ஓடியது. நிமிஷத்துக்கு 4,000 சுற்று. ஒரு வேப்பம்பலகையை வைத்துத் தள்ளினான். நைனா தன்னையறியாமல் வலது கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். பலகை இரண்டாகப் பிரிந்தது. தூள் குழாய் வழியாகப் போய்ப் பைக்குள் விழுந்தது. நைனா கையை இறக்கி, முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒன்றுமில்லை. அந்தப் பையைப் போய் அமுக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். நான் கொட்டகைக்கு வெளியே வந்துவிட்டேன்.

பெயர்ப்பலகை வைப்பதில் எங்களுக்குள் மறுபடியும் சண்டை. அம்பேத்கர் பேரில் பட்டறை என்று எழுத வேண்டும் என்றேன் நான். "உன் மேடைய என் பட்டறைக்குள்ள கொண்டாராத"ன்னான் தம்பி. பத்து நாள் பேச்சில்லை. கடைசியில் ரோட்டில் வைத்த பலகையில் 'பிளைவுட் பலகை அளவுக்கு அறுத்துத் தரப்படும்' என்பதும் போன் நம்பரும் மட்டும் இருக்கிறது. கொட்டகைக்குள் சுவிட்சுப் பெட்டிக்கு மேல் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறது. அதை நான் மாட்டவில்லை.

இப்போது சுத்துப்பட்டு ஆசாரிகள் பலகையை ஏற்றிக்கொண்டு எங்கள் காலனிக்கு வருகிறார்கள். வேறு மிஷினுக்குத் திண்டிவனம் போக வேண்டும். வண்டி வாடகை கட்டாது. வெட்டுக்கு 15 ரூபாய். சிலர் உள்ளே வந்து நின்று பார்க்கிறார்கள். சிலர் அளவை எழுதிக் கொடுத்துவிட்டு, "அறுத்து ரோட்டாண்ட கொண்டாந்துடு" என்கிறார்கள். தம்பி கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. "இங்க வந்து எண்ணிப் பாத்து எடுத்துக்கங்க, அப்புறம் கொறையுதுன்னுவீங்க" என்று தொழில் பேச்சாகவே பேசி வரவைத்துவிடுகிறான். நான் கட்டுரையில் எழுதுவதை அவன் இப்படிச் செய்கிறான். தம்பி பொண்டாட்டி வருகிற எல்லாருக்கும் டீ போடுவாள். வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்தவர்கள்.

மிஷின் வந்ததால் சாதி போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். பூஜை அறை வேலைக்கு இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை. கடன் இன்னும் எண்பதாயிரம் பாக்கி. நகை அடகில் இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் டாட்டா ஏஸ் வண்டியில் நாலு பலகையோடு ஒருவர் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். நைனா யாருக்கு ரம்பம் இழுத்தாரோ அந்த ஆசாரியின் மகன். நைனா வேப்பமரத்து நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மடித்துக் கட்டியிருந்த கைலி தானாக இறங்கியது.

"உக்காரு நைனா"ன்னான் தம்பி. உட்காரவில்லை. "உக்காருங்க" என்று அவரும் சொன்னார். அவருடைய அப்பா 'டேய்' என்பார். இவர் 'டேய்' என்றும் சொல்லவில்லை, 'அண்ணே' என்றும் சொல்லவில்லை. நைனா நின்றுகொண்டே இருந்தார். இருபத்தெட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் மிஷின் சத்தம் ஏறி இறங்கியது. அவர் பலகைகளை எண்ணி ஏற்றிக்கொண்டு 420 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி வாய்க்கால் திரும்பும் வரைக்கும் பார்த்துவிட்டு நைனா உட்கார்ந்தார்.

"எவ்ளோ குடுத்தான்?"

"நானூத்தி இருவது."

நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நாள் முழுக்கக் குழியில நின்னா அவங்கப்பன் இருவத்தஞ்சு ரூவா குடுப்பான். அதுவும் அடுத்த வாரம்."

"இனிமே நீ எழுந்திரிக்காத நைனா" என்றேன்.

"நானா எழுந்திரிச்சேன்? காலு எழுந்திரிச்சிது"ன்னார்.